மணல் மூட்டை மிதக்காது

பிள்ளைகளே, பெருமழையில் நம் கட்டிடத்தை முருகன் காப்பாற்றியதாக நீங்கள் இருவரும் பள்ளியில் சொல்லிவருகிறீர்கள். முருகனை நானும் கும்பிடுகிறவன்தான். ஆனாலும் அப்பா சொல்வதையும் கேளுங்கள்.

நாம் பிழைக்க வந்த இந்த வளைகுடா ஊரில், குசைஸ் பகுதியிலுள்ள என் ஒர்க்‌ஷாப் இன்ஜினியர் ஒரு கிரேக்கர். அவர் மேசையில், குதிரைமேல் அமர்ந்த ஒரு புனிதரின் படம் உண்டு. டீ நேரத்தில் அது யாரென்று கேட்டேன். தன் ஊர் தெசலோனிக்காவைக் காக்கும் புனிதர் என்றார். கடலோர ஊர், சுற்றிலும் மதில். ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் பெரும்படை ஒன்று வந்து ஊரை வளைத்துக்கொண்டதாம். ஊர்க்காரர்கள் மதிலேறி நின்று தடுத்தார்கள். படை திரும்பிப் போனது. பிறகு அங்கிருந்த பேராயர், புனிதரே போர்க்கோலத்தில் மதில்மேல் நின்றார் என்று பிரசங்கம் செய்தார். நானும் பார்த்தேன் என்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அதையே எழுதிவைத்தார்கள், கோயில் சுவரில் வரைந்தார்கள், திருவிழாதோறும் சொன்னார்கள்.

"மதில்ல நின்னவங்க பேரெல்லாம் என்ன சார்?"

"மாஃபி," ஒன்றும் இல்லை என்று அரபியில் சொல்லிக் கையை விரித்தார்.

அது எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் நம் வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

நீங்கள் சாச்சா என்று கூப்பிடும் நம் வாட்ச்மேன், பெஷாவர்க்காரர், அன்று தெருவில் தண்ணீர் ஏறியதும் பக்கத்துக் கட்டுமான சைட்டிலிருந்து மணல் மூட்டைகளைச் சுமந்துவந்து வாசலில் அடுக்கினார். நானும் சிலரும் கைகொடுத்தோம். கரண்ட் ரூமுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. அடுத்த வாரம் பஜனையில், மேல்மாடி அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"மூட்டையெல்லாம் தானா மிதந்து வந்து வாசல்ல நின்னுச்சு. முருகன் அனுப்பினதுல்லா."

"மணல் மூட்டை மிதக்காது அண்ணாச்சி."

"ஏம்வே, நல்ல விசயத்துல குறுக்க பேசுதீரு?"

"கேக்காம மூட்டைய எடுத்துட்டாருன்னு சைட்காரன் புகார் குடுத்திருக்கான். சாச்சாவ ஊருக்கு அனுப்பப் போறாங்க. யாருக்காக எடுத்தாருன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. முருகனுக்கு விசா கேன்சல் ஆகாது அண்ணாச்சி. அவருக்கு ஆகும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் தாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் அம்மா என் காதருகே குனிந்தாள்.

"சாச்சாவ அனுப்பப் போற அந்த பில்டிங் மேனேஜர் கையிலதாங்க நம்ம வாடகை கான்ட்ராக்டும் இருக்கு. சும்மா இருங்க."

அவள் பயம் நியாயமானது. ஆனால் தோளில் மூட்டை சுமந்த மனிதரைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் சாமியை நிறுத்தினால், சாமிக்கு அது பெருமையா? எனக்கு அப்படித் தெரியவில்லை. நீங்கள் எந்தக் கோயிலில் எந்தக் கதை கேட்டாலும், அங்கே நின்றவர்கள் யார் என்று கேளுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

பஜனை முடிந்ததும் உங்களை மேலே அனுப்பிவிட்டு நான் மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் மேனேஜருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசினேன். மூட்டை எடுத்ததில் நானும் உண்டு என்றேன். நம் ஃப்ளாட் நம்பரையும் சொல்லி அனுப்பினேன்.