காதால் இட்ட மதிப்பெண்

குத்துச்சண்டைப் போட்டிகளில் எடை குறைந்தவர்களின் சண்டைகள் காலையில் முதலில் நடக்கும். அப்போது நாற்காலிகள் காலியாக இருக்கும். ஒலிபெருக்கிக்காரர் இன்னும் கம்பியை இழுத்துக்கொண்டிருப்பார். கூட்டம் சேர்ந்த பிறகே பெரிய உடம்புக்காரர்கள் மேடை ஏறுவார்கள். இந்த வரிசையில் எவரும் குறை கண்டதில்லை. பதினோர் ஆண்டுகள் மதிப்பெண் நடுவராக இருந்த நானும் கண்டதில்லை.

நான் தமிழ் கற்பிப்பவன். கல்லூரி நாள்களில் எழுபத்தைந்து கிலோப் பிரிவில் சண்டையிட்டிருக்கிறேன். என் ஆட்டத்தில் நுட்பம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. வலக்கையை முழு விசையோடு வீசுவேன். பட்டால் வெல்வேன், படாவிட்டால் தோற்பேன். சண்டை என்பது விசைதான் என்று அப்போதே மனத்தில் பதிந்துவிட்டது. விசையில்லாதவர்கள் ஏன் இவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

செங்கல்பட்டில் ஏரிக்கரையை ஒட்டிய திருமண மண்டபம் ஒன்றில் அந்த ஆண்டின் மாவட்டப் போட்டியின் இறுதிச் சண்டைகள் நடந்தன. மணமேடைக்கு எதிரே கயிறு கட்டிச் சண்டை மேடை அமைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் எடை பார்த்தார்கள். பெண்களுக்கான மிகக் குறைந்த பிரிவு நாற்பத்தைந்து கிலோவிலிருந்து நாற்பத்தெட்டு வரை. நீல மூலையில் நிற்க வேண்டியவர் அந்த நாற்பத்தைந்தையே தொடவில்லை. கேளம்பாக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர் அவர். ஒன்றரைப் பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி ஏறி நின்றார். எடைக்கருவி நாற்பத்தைந்தைக் காட்டியது.

உடன் வந்திருந்த அவருடைய அக்கா, எடை குறிப்பவரிடம் சொன்னார்: "இந்த வருசத்தோட வயசு முடிஞ்சிபூடுது சார். ஸ்டேட்டு போயி ஒரு சர்ட்டிபிகேட்டு வாங்கினாதான் கவுர்மென்ட்டு வேலைக்கு கோட்டாவுல எழுதிப் போட முடியும்."

"அதுக்கு இன்னாம்மா, குடிச்ச தண்ணிய வெளிய வுடாம மேடைக்கு இட்டுகினு போ," என்றார் அவர். அருகில் நின்ற நடுவர்கள் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்தார்.

பதினொரு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வருவதாக இருந்தது. வரவேற்புரை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். முந்தின நாள் எழுதியது எனக்கு நிறைவளிக்கவில்லை. மதிப்பெண் தாளின் அடியில் அந்த உரையையும் வைத்துக்கொண்டு அமர்ந்தேன். எதிர்ப்பக்க இருக்கைக்குப் போய்க்கொண்டிருந்த சக நடுவர் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், பரீட்ச பேப்பரு திருத்துறீங்களா?"

"வரவேற்புரை."

"எழுதுங்க எழுதுங்க. கொசுச் சண்டைதான. பெரிய ஆளுங்க வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க."

மணி அடித்தது. 'பெருந்தகை' என்று விளிப்பதா, 'பெருமகனார்' என்று விளிப்பதா என்பதில் என் மனம் நின்றிருந்தது. காது மட்டும் மேடையில் இருந்தது. சிவப்பு மூலைக்காரரின் குத்துகள் ஒவ்வொன்றும் 'தொப், தொப்' என்று காலி மண்டபத்தில் எதிரொலித்தன. நீல மூலையிலிருந்து ஓசையே எழவில்லை. இடையிடையே தலை நிமிர்ந்தபோது சிவப்பு முன்னேறுவதையும் நீலம் விலகுவதையும் கண்டேன். அவ்வளவு போதும் என்று தோன்றியது. மூன்று சுற்றுகளையும் சிவப்புக்கே எழுதினேன். மற்ற நடுவர்கள் இருவரில் ஒருவர் சிவப்புக்கும் ஒருவர் நீலத்துக்கும் எழுதியிருந்தனர். என் தாள்தான் முடிவைத் தீர்மானித்தது.

சற்று நேரத்தில் அக்கா தங்கை இருவரும் என் இருக்கைக்கு வந்தார்கள். அக்காவின் கையில் கைப்பேசி இருந்தது.

"சார், சண்டைக்கு வரல. இவ எங்க தோத்தான்னு மட்டும் சொல்லுங்க, அத்த சரி பண்ணிக்கிறோம்," என்றார் அக்கா. "வீடியோவுல ஒரே எரைச்சலு. சவுண்ட கொறச்சிட்டு பாருங்க."

ஓசை அடங்கிய அந்தப் படத்தில்தான் அந்தச் சண்டையை நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

மண்டபம் முழுவதும் கேட்ட குத்துகளில் பெரும்பாலானவை தங்கையின் கையுறையின்மேலும் முன்கையின்மேலும் விழுந்திருந்தன. தோல்மேல் தோல் மோதுவதால் எழும் ஓசை அது. அதற்கு மதிப்பெண் இல்லை. அவரோ எதிராளியின் இடக்காலுக்கு வெளிப்புறமாகத் தம் இடக்காலை வைத்து நின்றார். குத்து வரும்போது தலையை ஓர் உள்ளங்கை அகலம் நகர்த்தினார். அதற்குமேல் ஒரு விரற்கடையும் நகர்த்தவில்லை. எதிராளியின் கை திரும்புவதற்குள் அவருடைய இடக்கை சென்று முகத்தைத் தொட்டு மீண்டது. ஓசையில்லாமல், தெளிவாக, விதி கேட்கும் வண்ணமே பட்ட குத்து. அடுத்த நொடியில் அவர் அந்த இடத்தில் இல்லை. நான் விலகல் என்று எண்ணியது ஒவ்வொன்றும் அடுத்த குத்துக்கான இடத்தைப் பிடிப்பதாக இருந்தது. தோளை அசைத்து எதிராளியைக் குத்தத் தூண்டினார். தூண்டிய குத்தின் வழியிலேயே தம் குத்தை அனுப்பினார். பெரிய உடம்புக்காரர் ஒரு பிழை செய்தால் அடுத்த வலுவான குத்தால் ஈடுகட்டிக்கொள்ளலாம். இவருக்கு அந்த வசதி இல்லை. மூன்று சுற்றுகள் முழுவதும் பிழையின்றி ஆடினால்தான் இவர் வெல்ல முடியும். அவ்வாறே ஆடியிருந்தார். நான் எண்ணினேன்: முதற்சுற்றில் மட்டும் தெளிவான குத்துகள் பதின்மூன்று. சிவப்புக்கு மூன்று.

மதிப்பெண்ணில் பிழை நேர்ந்ததாக நடுவரே அரைமணி நேரத்துக்குள் தலைமை நடுவரிடம் சொன்னால் முடிவைத் திருத்தலாம் என்பது எங்கள் போட்டியின் விதி. இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தலைமை நடுவர் என் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சொன்னால், ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார். தாளின் அடியில் இருந்ததைக் காட்ட வேண்டியிருக்கும்.

"தாக்குதல் போதலம்மா," என்றேன். "பின்னாலேயே போறீங்க. முன்னால வந்து அடிக்கணும், பலமா."

அந்தப் பெண் தலையசைத்தார். ஒரு மருத்துவர் சொன்னதைக் கேட்டுக்கொள்வது போலிருந்தது. "சரி சார். முன்னால வந்து அடிக்கிறேன்."

என் வரவேற்புரைக்கு நல்ல கைதட்டல் கிடைத்தது.

மாவட்ட இறுதியில் தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. மாநில அணியை முடிவு செய்வதற்கு முன் மாமல்லபுரத்தில் ஒரு தேர்வுச் சண்டை நடத்துவார்கள். அதற்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து ஒருநாள் கேளம்பாக்கத்துக்குப் பேருந்து ஏறினேன். மருந்துக் கடையில் அவர் முக்காலியின்மேல் நின்று மேல்தட்டிலிருந்து ஏதோ பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கி வந்தார்.

"சார், நீங்க சொன்னத்ததான் பண்ணிகினு இருக்கேன். டெய்லி ரெண்டு வேள, கோவளம் பீச்சுல. கால நிறுத்தி வெச்சி அடிக்கிறேன். கோச்சி திட்டுறாரு, நா கேக்கல. ஜட்ஜே சொல்லிட்டாருன்னுட்டேன்."

முகம் முழுவதும் மகிழ்ச்சி. எனக்குப் பின்னால் இரண்டு பேர் மருந்துச் சீட்டோடு நின்றிருந்தார்கள். நான் செரிமான மாத்திரை ஓர் அட்டை கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். "நல்லது," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவருக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அந்த ஒரு சொல்.

மாமல்லபுரத்தில், கடற்கரைச் சாலையை ஒட்டிய பள்ளி ஒன்றின் திறந்த அரங்கில் தேர்வு நடந்தது. உப்புக் காற்றில் மேடை விரிப்பு முழுவதும் மணல் படிந்திருந்தது. அன்று என்னிடம் மதிப்பெண் தாளைத் தவிர வேறு தாள் இல்லை. கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவர் மணி அடித்ததும் நேராக முன்னேறினார். காலை ஊன்றி நின்று வலக்கையை வீசினார். தாம் வீசிய வேகத்தில் தாமே நிலை தடுமாறினார். எதிராளிக்கு இரண்டு கிலோ கூடுதல். நின்ற இடத்தில் நிற்பவரை அடிப்பது எளிது. இரண்டாம் சுற்றில் ஒருமுறை அவருடைய இடக்கால் வெளிப்புறம் செல்ல முயன்றது, பாதியில் நின்றது. நின்ற இடத்திலேயே குத்து விழுந்தது. மூக்கில் இரத்தம் வந்தது.

மூன்று சுற்றுகளையும் எதிராளிக்கே எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சரியாக மதிப்பெண் இட்டதில்லை.

அரங்கின் பின்புறத்தில் அக்கா அவருடைய கைக்கட்டுத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் அருகில் போனேன்.

"இப்ப எங்க சார் தப்பு?" என்று தங்கை கேட்டார். குத்தல் இல்லை, மெய்யாகவே கேட்டார்.

"முதல் போட்டியில ஜெயிச்சது நீங்கதாம்மா," என்றேன். "நான் மேடையைப் பார்க்கல. வேற எழுதிக்கிட்டிருந்தேன். அக்கா காட்டினப்பதான் பார்த்தேன். பார்த்த பிறகும் பொய் சொன்னேன்."

அக்காவின் கை நின்றது. "இன்னா சார் சொல்றீங்க? அன்னிக்கே மாத்தியிருக்கலாமா?"

"மாத்தியிருக்கலாம்."

"அத்தினி பேரு இருக்கசொல்லோ ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா சார் கேடு உங்களுக்கு?"

"வுடுக்கா," என்றார் தங்கை. மூக்கில் பஞ்சு வைத்திருந்ததால் குரல் அடைத்திருந்தது. "எட்டு வருசம் சார், அந்தக் காலு வர்றதுக்கு. நீங்க சொன்னீங்கன்னு ரெண்டு மாசமா அத்த மறக்கடிச்சிகினு இருந்தேன். இன்னிக்கி ரெண்டாவது ரவுண்டுல தேடினேன். வரல."

அன்றே நடந்ததை மறைக்காமல் எழுதித் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினேன். நடுவர் பொறுப்பிலிருந்தும் விலகினேன். காலங்கடந்த திருத்தத்துக்கு விதியில் இடமில்லை என்று மறுமொழி வந்தது. அக்கடிதத்தின் படி ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி மருந்துக் கடைக்குப் போனேன். உரிய நேரத்தில் நான் சொல்லாமல் விட்டதைத் தாளிலாவது அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எண்ணினேன்.

அவர் நின்றபடியே இரண்டு பக்கங்களையும் படித்தார்.

"நல்லா எழுதிக்கீறீங்க சார். இது வேலைக்கு ஒதவுமா?"

"உதவாதும்மா."

"அப்ப நீங்களே வெச்சிக்குங்க," என்று மடித்து என் பக்கமாகத் தள்ளினார். குரலில் சினமில்லை. எனக்குப் பின்னால் நின்றவரிடம் கையை நீட்டி மருந்துச் சீட்டை வாங்கினார். அவருக்கு வழிவிட்டு நான் ஒதுங்கி நின்றேன்.