மௌன ஜெப வகுப்பு

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் அந்த இறையியல் பேராசிரியர். பல்கலைக்கழக மலருக்குத் தமக்குப் பிடித்த பாடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவர், "மௌன ஜெபம்" என்று தலைப்பு மட்டும் போட்டுவிட்டு எழுந்து நடந்தார். மாணவர்கள் கண்ணை மூடிக்கொள்வதால் இஷ்டத்துக்கு உலாத்தலாம், யாருக்கும் தெரியாது என்பதுதான் அந்தப் பாடம் பிடித்ததற்குக் காரணம். அதை எழுத முடியுமா?

மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ரெண்டு நிமிஷம் உட்கார மாட்டீங்க, நீங்க மௌனம் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

சுருக்கென்றது. மறுநாள் வகுப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. ஐந்தாவது நிமிடம் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள்.

"உடம்பு சரியில்லையா சார்?" என்றாள் முன்பெஞ்சு மாணவி. "உங்க செருப்புச் சத்தம் கேக்காம மனசு அடங்க மாட்டேங்குது. கொஞ்சம் நடங்க சார்."