சிங்கப்பூரில் ஒரு ஜப்பானிய மெட்டல் கச்சேரியும் ஒரு சிவப்புத் துண்டும்

சுசுராய் என்ற ஜப்பானியக் குழுவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். முன்னால் இரண்டு பெண்கள் துள்ளலான பாப் மெட்டில் பாடி ஆடுவார்கள். பின்னால் நான்கு பேர் கட்டடத்தை இடிக்கிற மாதிரி மெட்டல் வாசிப்பார்கள். இது எப்படி ஒன்றாகச் சேரும் என்று கேட்பவர்கள் முதலில் கேட்டுவிட்டு வாருங்கள். என் தங்கை யாழினி பள்ளி நாளிலிருந்து இவர்களுடைய ரசிகை. எனக்கு அந்த டிரம்ஸ் ஒலிப்பதிவின் சுத்தம் பிடிக்கும். திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களின் அதிர்வை அளப்பது என் வேலை. அதனால் இப்படித்தான் ரசிக்கத் தெரியும்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அவர்கள் சிங்கப்பூரில் வாசித்தார்கள். இந்தியாவுக்கு வரும் வரை காத்திருக்கலாமே என்று பலர் சொன்னார்கள். வரமாட்டார்கள். வந்தாலும் யாழினிக்குத் தெரியாது. தெரியாது என்றால் கண்ணுக்குத் தெரியாது. அவள் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். போன வருடம் பெங்களூரில் வேறொரு மெட்டல் குழுவுக்கு இருவரும் போனோம். நான் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றேன். வெளியே வந்ததும் சொன்னாள்: "ரெண்டு மணி நேரம் ஒருத்தன் டி-ஷர்ட் முதுகுல இருந்த மண்டை ஓடு படத்தையே பாத்துட்டு வந்திருக்கேன். இதுக்கு எதுக்கு ராத்திரி பஸ்ல வரணும்?"

ஆகவே இந்தப் பயணத்துக்கு ஒரே நோக்கம்: யாழினி மேடையைப் பார்க்க வேண்டும். நின்று பார்க்கும் கூட்டத்தில் அதற்கு ஒரே வழி, மேடைக்கு முன்னால் இருக்கும் இரும்புத் தடுப்பில் கை வைத்து நிற்பது. அவள் தடுப்பில், நான் அவளுக்குப் பின்னால் சுவர் மாதிரி. இதுதான் திட்டம். அம்மா அனுமதி கொடுத்ததும் இந்தச் சுவரை நம்பித்தான். "அவளை விட்டுட்டு எங்கயும் போயிடாதடா" என்று விமான நிலையத்தில் மூன்று முறை சொன்னார்.

திருச்சியிலிருந்து நேரடி விமானம். போய்வர ஒருவருக்குப் பத்தொன்பதாயிரம் ரூபாய், பயண நேரம் நாலேகால் மணி. கச்சேரி டிக்கெட் 168 வெள்ளி. அங்கே நம் ஆட்கள் டாலரை வெள்ளி என்கிறார்கள், நானும் பழகிக்கொண்டேன். பேச்சின் கடைசியில் 'லா' சேர்ப்பார்கள், அதற்குத்தான் பழகவில்லை. சாங்கி விமான நிலையத்தில் டாக்சி எடுக்காதீர்கள். ரயிலில் எக்ஸ்போ வரை வந்து, அங்கே மாறினால் லிட்டில் இந்தியா. முக்கால் மணி நேரம், கட்டணம் ஏறத்தாழ இரண்டு வெள்ளி. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்தோம். அறையில் இரண்டு கட்டில்களுக்கு நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டாக மட்டுமே நடக்க முடியும். சுத்தமாக இருந்தது, போதும்.

வெள்ளிக்கிழமை மதியம் தேக்கா சந்தை உணவகத்துக்குப் போனோம். நல்ல கூட்டம். ஒரு மேசை மட்டும் காலி. அதன் மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மீன் தலைக் கறியும் சோறுமாக ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும்.

"தம்பி, டிஷ்யூ இருந்துச்சே, பாக்கல?"

"இருந்துச்சு சார். யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க போல."

"விட்டுட்டுப் போகல லா. நான்தான் இடம் போட்டு வச்சேன். ஊர்ல இருந்து வந்தீங்களா?"

யாழினி உடனே எழுந்துவிட்டாள். எனக்கு எரிச்சல். ஒரு டிஷ்யூ பாக்கெட்டுக்கு என்ன அதிகாரம்? நம்மூர் மத்தியப் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். ஆனால் அந்தத் துண்டுக்குப் பின்னால் சண்டை போட ஒரு ஆள் ஓடி வந்துகொண்டிருப்பார். ஆள் வர நேரமானால் துண்டு தரைக்குப் போய்விடும். கேட்க ஆளில்லாத விதி விதியே இல்லை என்பது என் கட்சி. அந்த மனிதரோ, "சேர்ந்தே உக்காருங்க, நாலு பேர் உக்கார்ற மேசதானே" என்று சொல்லிவிட்டு மீனில் இறங்கிவிட்டார். நாங்களும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அது மறுநாள் தெரிந்தது.

கச்சேரி கல்லாங் பக்கம் ஓர் உள்ளரங்கில். லிட்டில் இந்தியாவிலிருந்து புரோமனாட் வந்து, வட்டப் பாதை ரயிலுக்கு மாறினால் ஸ்டேடியம் நிலையம். இருபத்தைந்து நிமிடம் போதும். வரிசை மதியம் மூன்று மணிக்குத்தான் திறக்கும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. நிலவரம் பார்க்கக் காலை ஒன்பதரைக்கே போனோம். அரங்கின் நிழலில் இருபது முப்பது பேர் கறுப்பு டி-ஷர்ட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் சிவப்புத் துண்டு, இந்தக் குழு விற்கும் துண்டு. கடைசிப் பாட்டில் எல்லோரும் அதைத் தலைக்கு மேல் சுழற்றுவது வழக்கம்.

முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து வந்தார். கையில் ஒரு மார்க்கர் பேனா. எங்களைப் பார்த்ததும் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"ஹலோ பிரதர், நம்பர் வேணுமா? முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு இருக்கு. நான் பிரிசில்லா, பிடோக்ல இருந்து வர்றேன். இது மூணாவது தடவை இவங்கள பாக்குறேன்."

"என்ன நம்பர்?"

"கைல எழுதிடுவேன். பன்னெண்டு மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவோம், ரெண்டு மணிக்கு ஒரு தடவை. அப்போ நீங்க இல்லன்னா நம்பர் போச்சு. மூணு மணிக்கு இதே ஆர்டர்ல உள்ள போவோம்."

"இது அரங்கக்காரங்க குடுக்குற நம்பரா?"

"இல்ல லா, ஃபேன்ஸ் நாங்களே போட்டுக்கிறது."

"அப்போ மூணு மணிக்கு ஒருத்தன் நேரா வந்து முன்னாடி நின்னா என்ன பண்ணுவீங்க?"

பிரிசில்லா கொஞ்சம் யோசித்தார். "யாரும் அப்படி நின்னதில்லயே" என்றார்.

எனக்கு இது போதுமான பதிலாகப் படவில்லை. மார்க்கர் மையை நம்பி வெயிலில் ஐந்தரை மணி நேரம் உட்காருவதா? இரண்டே முக்காலுக்கு வந்து வாசலில் நின்றால் முடிந்தது. யாழினியை அழைத்தேன். அவள் ஏற்கெனவே கையை நீட்டியிருந்தாள்.

"எனக்கு ஒண்ணு போடுங்கக்கா."

"யாழினி, இதெல்லாம் செல்லாது. வா, போய்ச் சாப்பிட்டுட்டு வரலாம்."

"நீ போய்ச் சாப்பிடு. நான் இங்கயே இருக்கேன்."

"அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?"

"பிரியாணி நல்லா இருந்துச்சுன்னு சொல்லு."

சுற்றி இருந்தவர்களில் தமிழ் தெரிந்த இருவர் சிரித்தார்கள். நான் கிளம்பிவிட்டேன். பிரியாணி சுமாராகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது மணி இரண்டே கால். அரங்கின் ஒரு பக்கச் சுவர் முழுக்க ஆட்கள். எல்லோரும் தங்கள் கையைப் பார்த்து, பக்கத்துக் கையைப் பார்த்து, வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பாதுகாவலர்கள் வந்தார்கள். இரும்பு வேலியைக் கொண்டுவந்து அந்த வரிசைக்குப் பக்கவாட்டில் அப்படியே நிறுத்திவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். மார்க்கர் மை செல்லுபடியாகிவிட்டது.

நான் யாழினிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கழுத்திலும் இப்போது ஒரு சிவப்புத் துண்டு இருந்தது. பிரிசில்லா கையை விரித்துக் காட்டினார். அதில் நான்கு என்று இருந்தது. பிறகு என் கையைப் பார்த்தார்.

"பிரதர், நீங்க பின்னாடி போகணும்."

"நான் இவ அண்ணன்ங்க. கூட நிக்கணும்."

"அண்ணனோ அங்கிளோ, லைன்னா லைன். உங்க மேல கோவம் எல்லாம் இல்ல. பின்னாடி இருக்கறவங்களும் காலைல இருந்து வெயில்ல இருக்காங்க."

அவர் சொன்னது சரி. ஆனால் எனக்கு வேறு கணக்கு. யாழினியிடம் சொன்னேன்: "நீயும் என்கூட வா. தனியா அந்தக் கூட்டத்துல உன்னை விட முடியாது."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "பெங்களூர்ல நீ கூடத்தான் நின்ன. எனக்கு என்ன தெரிஞ்சுது?"

இழுத்துக்கொண்டு போயிருந்தால் அவள் வந்திருப்பாள், திட்டிக்கொண்டே. முப்பத்தொன்று என்ற எண்ணும் போயிருக்கும். முடிந்ததும் ரயில் நிலைய வாசலில் சந்திப்பது என்று முடிவுசெய்தோம். அவள் துண்டைத் தவிர, செல்பேசி உட்பட எல்லாவற்றையும் பையில் போட்டு அரங்கின் லாக்கரில் வைத்துவிட்டாள். நான் வரிசையின் கடைசிக்குப் போனேன். எனக்கு முன்னால் குறைந்தது முந்நூறு பேர்.

உள்ளே நுழைந்ததும் மேடையை மறந்துவிட்டு ஒலிக் கலவை மேசையைத் தேடினேன். எந்த அரங்கிலும் சத்தம் சரியாகக் கேட்கும் இடம் அதற்கு முன்னால்தான். ஒலிப் பொறியாளர் தன் காதுக்கு ஏற்றபடிதானே கலக்குவார்? பலர் இதை விட்டுவிட்டு ஓரத்து ஒலிபெருக்கிக்குக் கீழே போய் நிற்கிறார்கள். காதடைப்பான் கண்டிப்பாகக் கொண்டுபோங்கள். பஞ்சு போதாது.

விளக்கு அணைந்தது. முதல் அடி விழுந்தபோது நெஞ்செலும்பு அதிர்ந்தது. பதிவில் கேட்ட அதே சுத்தம், பத்து மடங்கு கனத்தோடு. இரண்டு பெண்களும் ஓடி வந்து பாட ஆரம்பித்ததும் என்னைச் சுற்றி நின்ற பெரிய மனிதர்கள் எல்லாம் கத்தினார்கள். நானும் கத்தினேன். இரண்டு பாட்டு வரை எனக்கு எந்தக் கவலையும் இல்லை.

மூன்றாவது பாட்டில், மெட்டல் கச்சேரி வழக்கப்படி, நடுவில் கூட்டம் பிளந்து வட்டமாக ஓட ஆரம்பித்தது. அந்த அலை முன்னால் போய் மோதியது. பாதுகாவலர்கள் தடுப்புக்கு மேலே குனிந்து யாரையோ தூக்கி அந்தப் பக்கம் எடுத்தார்கள். சின்ன உருவம். கறுப்பு டி-ஷர்ட். தலை தொங்கியிருந்தது.

எப்படிப் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஓரமாக இடித்துக்கொண்டு ஓடினேன். நடுவில் கால் இடறி விழுந்தேன். விழுந்த நொடியே நான்கைந்து கைகள் என் சட்டையையும் தோளையும் பிடித்து நிறுத்திவிட்டன. யார் என்று பார்ப்பதற்குள் அவர்கள் மறுபடி குதிக்கப் போய்விட்டார்கள். மேடையின் பக்கவாட்டு வழியில் ஒரு பாதுகாவலர் மறித்தார். சட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தது.

"தங்கச்சிய தேடுறேன் சார். இப்ப தூக்கினாங்களே. குட்டையா இருப்பா, கறுப்பு டி-ஷர்ட்."

"தம்பி, இங்க எல்லாருமே கறுப்பு டி-ஷர்ட்தான்." அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். "தூக்கினது ஒரு பையன். தண்ணி குடிக்காம நின்னுருக்கான், இப்ப உக்காந்துட்டான். வாங்க, இங்க நின்னு ஒரு தடவை பாத்துக்குங்க. ஒரு தடவைதான்."

அங்கிருந்து முன்வரிசை முழுவதும் பக்கவாட்டில் தெரிந்தது. வியர்த்த முகங்கள், இரும்பில் கைகள். இடது ஓரத்திலிருந்து ஏழெட்டுப் பேர் தள்ளி யாழினி இருந்தாள். தாடை தடுப்பின் மேல் இருந்தது. வாய் திறந்திருந்தது. பாடகிகளில் ஒருத்தி இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் யாழினிக்கும் நடுவில் ஒரு முதுகும் இல்லை. யாழினிக்குப் பின்னால் பிரிசில்லா, அவளுடைய இரண்டு பக்கமும் கையை நீட்டித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் முதுகால் தாங்கிக்கொண்டிருந்தார். நான்காம் எண்ணை வைத்திருந்தவர், நடு இடத்தை விட்டுவிட்டு ஓரத்துக்கு வந்து.

என் திட்டம் அப்படியே நடந்துகொண்டிருந்தது. நான் மட்டும் அதில் இல்லை.

கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்காது. கை அசைத்திருந்தால் ஒருவேளை பார்த்திருப்பாள், ஒரு நொடி மேடையிலிருந்து கண்ணை எடுத்திருப்பாள். அது வேண்டாம் என்று தோன்றியது. பாதுகாவலரிடம் நன்றி சொல்லிவிட்டுக் கலவை மேசைக்கே திரும்பினேன். கடைசிப் பாட்டில் அரங்கம் முழுக்கச் சிவப்புத் துண்டுகள் சுழன்றன. இடது ஓரத்தில் முன்னால் ஒரு துண்டு மட்டும் மற்றவற்றைவிட ஓரடி தாழ்வாகச் சுழன்றது.

இப்போது போகப்போகிறவர்களுக்கு. விசாவை ஒரு மாதம் முன்பே அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் வாங்குங்கள். வருகை அட்டையை இணையத்தில் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை, கட்டணம் கேட்கும் தளம் போலி. துண்டு முப்பத்தைந்து வெள்ளி. அநியாய விலைதான், வாங்குங்கள், மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. எனக்குக் கிடைக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போங்கள். உயரம் குறைந்தவர்கள் காலை ஒன்பதுக்கு முன் போய் எண் வாங்குங்கள். வாங்கிவிட்டால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். யார் கொடுத்தார்கள், செல்லுமா என்று ஆராய வேண்டாம். செல்லும்.

ஞாயிறு காலை, விமானத்துக்கு முன், மறுபடி தேக்கா. முந்தின தடவையைவிடக் கூட்டம். யாழினிக்குக் குரல் முழுசாகப் போய்விட்டது, முந்தின இரவிலிருந்து சைகைதான். இடம் பார்க்க அவளை அனுப்பிவிட்டு நான் பரோட்டாவுக்கும் தேநீருக்கும் வரிசையில் நின்றேன். இருபது நிமிடம் ஆயிற்று. தட்டோடு திரும்பிப் பார்த்தால் ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை, ஆட்கள் தட்டை ஏந்திக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

தூணுக்குப் பக்கத்து மேசையில் யாழினி உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியில் சிவப்புத் துண்டு விரித்திருந்தது. ஒரு பெரியவர் கையில் சூடான கிண்ணத்தோடு அங்கே வந்தார், துண்டைப் பார்த்தார், வேறு பக்கம் போனார். நான் போய்த் தட்டை வைத்தேன். யாழினி துண்டை எடுத்துக்கொண்டு, காற்று மட்டும் வரும் குரலில் சொன்னாள்:

"உக்காரு. உனக்குத்தான் போட்டேன்."