சரிவின் கடைசி வீடு

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தரை மட்டம் பார்க்கிற கருவியின் பெயரான ரசமட்டம் என்றால்தான் தெரியும். கொத்து வேலைக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு நாலு எட்டு நடந்தால் போதும், தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் என் அம்மா வீட்டுக்கு வந்தவர், கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே, "உங்க கூடம் வாசப்பக்கம் இறங்கியிருக்கே, கட்டினவன் தூங்கிட்டானா?" என்று கேட்டார். கட்டியது என் அப்பா. அன்றைக்கு ஆரம்பித்த மனஸ்தாபம் அப்பா போய்ச் சேரும் வரை தீரவில்லை.

மற்றபடி வாயில்லாப் பூச்சி. அவருடைய அக்கா சொன்னால் கேட்பார், நான் சொன்னால் தலையாட்டுவார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கட்டிக்கொண்டவளைக் கேட்க வேண்டும். அப்பா அம்மா இல்லாத பிள்ளையை அக்காதான் தையல் மெஷின் மிதித்து வளர்த்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு அண்ணி முறை. நாக்கில் ஊசி வைத்திருப்பவள், நானும் சளைத்தவளில்லை. ஆனாலும் ஒரு நாள் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை என்றால் யாரிடம் சண்டை போடுவது என்று எனக்கே தேடும்.

எங்கள் தெரு மலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும், ஆனால் கடல் வரை போகாது. எந்தக் காலத்திலோ மலை கக்கிய நெருப்புக் குழம்பு வழிந்து வந்து இறுகி, கடைக்கோடியில் ஆளுயரத்துக்கு மேல் கரும்பாறையாக நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் கிண்ணம் போலப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் இருக்கும் கடைசி வீடு அண்ணியுடையது. சரிவில் அதற்கு மேற்புறம், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் பெயின்டரும் அவர் மனைவியும் கைக்குழந்தையும். நாங்கள் தெருவின் நடுவில்.

முதலில் பூனைகள் செத்தன. மீன்காரி விஷம் வைத்துவிட்டாள் என்று ஊரே அவளைக் கரித்துக் கொட்டியது. பிறகு ஒரு வீட்டின் நிலவறைக்கு விறகெடுக்கப் போன பெரியவர் படியிலேயே சரிந்தார். அதற்கப்புறம்தான் பாறைகளை ஆராயும் அரசாங்க ஆபீசரம்மா, காற்றைச் சோதிக்கும் ஒரு கருவியோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, கரும்பலகையில் வளைந்த கோடு ஒன்றைப் போட்டார்.

"கடலுக்கு அடியில இருக்கிற தரை ஒரே பலகை இல்ல. துண்டு துண்டா இருக்கு. நமக்குக் கிழக்கால ஒரு துண்டு நம்ம துண்டுக்கு அடியில சரிஞ்சு இறங்கிக்கிட்டே இருக்கு. நகம் வளர்ற வேகம்தான். ஆனா கோடிக்கணக்கான வருஷமா இறங்குது."

இறங்கும் கல் கடல் தண்ணீரையும் தனக்குள் ஊறவைத்துக்கொண்டு போகிறதாம். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் அந்த ஈரம் பிரிந்து மேலே ஏறுமாம். சும்மா சூடாக மட்டும் கிடந்த பாறை, ஈரம் பட்டதும் உருகிவிடுமாம். உருகியது மேலே வந்து, கடலடியிலேயே கக்கிக் கக்கிக் குவிந்து, லட்சக்கணக்கான வருஷம் கழித்துத் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டியதுதான் எங்கள் தீவு. இது போல வில்லாய் வளைந்து ஒரு வரிசையே இருக்கிறது.

"தண்ணி உள்ள போனா கல்லே ஆடுது, நான் ஆடினா மட்டும் தப்பா?" என்றார் சலூன்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மேற்கே கடலில் மொட்டையாக, பவளம் மூடிக் கிடக்கும் பழைய தீவுகளைப் பற்றிக் கேட்டார். "அதுவும் இப்படி வந்ததுதானா? அப்புறம் ஏன் அணைஞ்சுது?"

"அதுவும் ஒரு காலத்துல நெருப்பு மலைதான். இறங்குற துண்டோட சாய்மானம் மாறிடுச்சு. இன்னும் செங்குத்தா இறங்க ஆரம்பிச்சதும் உருகுற இடம் கிழக்கால நகர்ந்துடுச்சு. நெருப்பு இங்க வந்தது, அங்க இருந்தது தேஞ்சு அமுங்கிப் போச்சு."

"சாய்மானம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அத்தனை கோடி வருஷத்தில் அவருக்குப் பிடிபட்டது அந்த ஒரு வார்த்தை.

பூனைகளைக் கொன்றது கரியமில வாயு. கடல் தரையோடு சிப்பியும் சுண்ணாம்பும் சேர்ந்தே உள்ளே போய் வெந்து, வாயுவாகி, எங்கள் மலையின் விரிசல் வழியாக வருகிறது. நிறமில்லை, வாசனையில்லை, காற்றைவிடக் கனம், தண்ணீர் போலப் பள்ளத்தில் தேங்கும். தரையில் படுக்காதீர்கள், கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்துங்கள், நிலவறைகளை மூடுங்கள் என்று சொல்லிவிட்டு ஆபீசரம்மா போனார்.

தண்ணீர் போலத் தேங்குமென்றால் தண்ணீர் போல வடிக்கலாமே என்று என் வீட்டுக்காரருக்குத் தோன்றியது. எங்கள் கூடத்தில் தரையை லேசாகச் சரித்து, சரிவுப் பக்கச் சுவரின் அடியில் ஒரு துளை போட்டார். ஆபீசரம்மாவின் ஆள் வந்து அளந்து பார்த்து, வீட்டுக்குள் வாயு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்றான். அவ்வளவுதான். தெருவே எங்கள் வாசலில் நின்றது. இத்தனை வருஷம் கூலிக்குப் பேரம் பேசியவர்கள் எல்லாம், "ரசமட்டம், நம்ம வீட்டுக்கு எப்போ?" என்று குழைந்தார்கள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். மேலிருந்து கீழ்வரை வீடு தவறாமல் துளை போட்டார். அக்கா வீட்டில் மட்டும் துளை போட இடமில்லை, பின்னால் பாறை. அதனால் அவள் கட்டிலை இடுப்புயரத்துக்குத் தூக்கிக் கட்டிக் கொடுத்தார்.

ஒரு நாள் அக்கா வீட்டு முன்னறையில் அந்த ஆள் கருவியை முழங்கால் உயரத்தில் பிடித்ததும் அது கத்த ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று தெருவை அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு சுவரின் அடியிலும் அவர் போட்ட துளை, எல்லாம் கீழ்நோக்கி. காற்று அடிக்கும் நாளில் கலைந்துவிடும். அடிக்காத நாளில் ஒரு வீட்டிலிருந்து வடிவது அடுத்த வீட்டுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு, கடைசியில் பாறையில் முட்டி அக்கா வீட்டுக்கு.

"வாய்க்கால் வெட்டியிருக்கேன்டீ," என்றார் வீட்டுக்கு வந்து. "ஊர் விஷத்தை எல்லாம் எங்க அக்கா வீட்டுக்குத் திருப்பி விட்டுருக்கேன்."

அன்றைக்கே எங்கள் துளையைச் சிமெண்டு வைத்து அடைத்தார். கீழறையைப் பூட்டிவிட்டு மாடிக்கு ஏறினோம். பிறகு வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். "நீங்க சொல்றது நியாயம்தான், ஆனா மேல் வீட்டுக்காரங்க முதல்ல அடைக்கட்டும்," என்றார் வாத்தியார். மேல் வீட்டுக்காரர், "எங்க வீட்டுலயிருந்து எவ்வளவு போயிடப் போகுது?" என்றார். மாடி இல்லாதவர்கள் பிள்ளைகளைக் காட்டினார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு துளைகூட அடைபடவில்லை.

மிச்சமிருந்தது அக்காவை மேலே கூட்டி வருவது. நானும் கூடப் போனேன்.

"அக்கா, கட்டில்ல இருக்கிற வரைக்கும் பயமில்ல. தரையில மட்டும் உட்காராதே."

"ஆறு கெஜத் துணியைத் தரையில விரிக்காம எங்க விரிச்சு வெட்டுறது? உன் தலையிலயா?"

"அண்ணி, எங்க மாடியில பெரிய அறை சும்மா கிடக்கு. மெஷினைத் தூக்கிட்டு வந்துடுங்க," என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ கூப்பிடுறியா? அப்போ நிஜமாவே ஆபத்துதான்." பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "சரிடா, வரேன். பள்ளிக்கூடச் சீருடை பாக்கி இருக்கு. அதை முடிச்சுக் குடுத்துட்டு ஞாயித்துக்கிழமை வந்துடுறேன். பாதியில போட்டுட்டு வந்தா அடுத்த வருஷம் எவன் துணி குடுப்பான்?"

மாடி அறையை நான் கழுவி வைத்தேன். ஜன்னலோரம் மெஷின், எதிரே துணி வெட்ட அகலப் பலகை. பலகையை அவரே இழைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு இலைகூட அசையவில்லை. அவர் கையலம்பப் போனவர் நின்று, வெளியே பார்த்துவிட்டு, ஈரக்கையோடு தெருவில் ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். அண்ணி வெள்ளைச் சட்டைத் துணியின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கோடு போட்ட சாக்கட்டி விரலில் இருந்தது. அவளைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே முழங்காலில் மடங்கினார். பெயின்டர் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்காவிட்டால் எனக்கு அன்றைக்கு இரண்டு சாவு.

மண்ணெல்லாம் போட்டு முடித்த பிறகு எல்லோரும் வந்தார்கள். வாத்தியார் அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் யாரையும் குறை சொல்லவில்லை, சாப்பிடவும் இல்லை, வேலைக்கும் போகவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம் பெயின்டர் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணா, பள்ளம் ரொம்பி இப்போ எங்க வீட்டு வரைக்கும் ஏறி நிக்குதாம். தெருப் பக்கம் போட்ட பழைய துளை வழியாவே உள்ள வருது. அளந்து பார்த்தாங்க. வாடகைக்கு வேற இடம் தேடுறோம், கிடைக்கல." குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். "அக்கா வீடு சும்மாத்தானே கிடக்கு. தெரு வாசலை அடைச்சுட்டு, நடுச்சுவர்ல பெரிசா ஒரு வழி விட்டா எங்க வீட்டுல தேங்குறது அங்க போயிடும்னு..."

"எப்படிடீ உனக்கு வாய் வந்துச்சு?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதக் கூசுகிறது. அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், போகவில்லை.

அவர் எழுந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

"ஏங்க, வேண்டாம்."

"குழந்தை தவழுற வயசுடீ," என்றார்.

காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. ஆபீசரம்மாவின் ஆள் கருவியோடு பக்கத்திலேயே நின்றான். அக்கா வீட்டுத் தெரு வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, பெயின்டர் வீட்டுப் பக்கமிருந்து நடுச்சுவரை உடைத்தார். மற்ற வீடுகளுக்குப் போட்டதைவிடப் பெரிய துளை. அந்தப் பக்கம் அக்காவின் முன்னறை தெரிந்தது, தரையில் வெள்ளை நூல் துணுக்குகள் இன்னும் கிடந்தன. துளையின் அடியை வழித்துப் பூசி, காயும் வரை அங்கேயே குந்தியிருந்தார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, பெயின்டர் வீட்டுத் தரையில் ஊற்றினார். தண்ணீர் எங்கேயும் தேங்காமல் துளை வழியாக அக்கா விழுந்து கிடந்த இடத்துக்குப் போயிற்று.

"சரியா இருக்கு," என்று பெயின்டரிடம் சொன்னார்.