மேஜையில் விடாத புத்தகங்கள்

1. காலி ரேக்

வங்காளத்தில் துர்கா பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று, என்னைக் கீழ்த்தள இஷ்யூ கவுன்ட்டரிலிருந்து மாடியிலுள்ள ரெஃபரன்ஸ் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே என் முன் முதலில் வந்து நின்றவள் நந்தினி. வரலாறு, இறுதியாண்டு. அப்பாவுக்குத் துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச்சில் ரயில்வே வேலை.

"மேம், நீங்க தமிழா? கடைசி ரேக்ல டாக் ரிப்போர்ட்ஸ் இருக்குமே, எங்க?"

ரேக் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகள் பற்றிய பழைய ஆண்டறிக்கைகள் அவை. இன்டர்நெட்டில் கிடையாது. அவளுடைய டிஸர்டேஷனின் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அவற்றை நம்பி இருந்தது. குறிப்பெடுத்திருந்தாள், பக்க எண்களைக் கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். பக்க எண் இல்லாத அடிக்குறிப்பை அவள் கைடு ஏற்கமாட்டார். நவம்பரில் சமர்ப்பிக்க வேண்டும்.

2. வீடிங்

தலைமை நூலகரிடம் போனேன். வங்காளி, குரலை உயர்த்தாத மனிதர். விடுமுறையில் வீடிங் நடந்ததாம். யாரும் தொடாத புத்தகங்களைக் கழித்துக்கட்டுவதற்கு அந்தப் பெயர். எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போய்விட்டது. புதுக் கம்ப்யூட்டர்களுக்கு இடம் வேண்டும்.

"கேவு பொடே நா," என்றார். யாரும் படிப்பதில்லை. "கணக்கைப் பாருங்க தீதி. ஒரு தடவைகூட எடுத்ததில்ல."

ரெஃபரன்ஸ் புத்தகம் வெளியே போகாது. அதற்கு இஷ்யூ பதிவும் கிடையாது. மாலையில் மேஜைகள்மேல் கிடப்பவற்றை அட்டெண்டர் ஸ்கேன் செய்துவிட்டு அடுக்குவார். படித்ததற்குக் கணக்கு அது ஒன்றுதான்.

நந்தினியிடம் திரும்பி வந்தேன். "படிச்சிட்டு மேஜையிலயே விட்டுட்டுப் போவியா?"

"சே, போட்டது போட்டபடி போவேனா? எடுத்த இடத்துலயே வெச்சிடுவேன். ஒரு வால்யூம்கூட மாத்தி வெச்சதில்ல மேம்."

"அலமாரில வைக்காதீங்கன்னு சுவத்துல எழுதியிருக்கே."

"அது ஒழுங்கா வைக்கத் தெரியாதவங்களுக்குன்னு நெனச்சேன்."

கணக்கு எப்படி எடுக்கிறார்கள் என்று சொன்னேன்.

"தினம் வந்தேன் மேம். அப்போ இவங்க கணக்குல நான் வரவே இல்லையா?"

3. தேடல்

பழைய பேப்பர்காரரைப் பிடித்தோம். கட்டுகள் காகித மில்லுக்குப் போய்விட்டன என்றார். பிற நூலகங்களின் கேட்டலாக்குகளில் தேடினோம். ஓரிடத்தில் சில வால்யூம்கள் இருப்பதாகக் காட்டியது. நேரில் போனால், பூச்சி அரித்துப் பைண்டிங்குக்குப் போயிருக்கின்றனவாம். எப்போது திரும்பி வரும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

"பேஜ் நம்பர் இல்லாம எழுதினா கதை எழுதினேன்னுதான் சொல்வாங்க. கைடு அந்த சாப்டரையே எடுத்துடச் சொல்லிட்டாங்க," என்றாள் நந்தினி. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு: ஒரு வரியைக் குறித்துக்கொள்ளும்போதே பக்க எண்ணையும் எழுதுங்கள். படித்த புத்தகத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து போங்கள். நீங்கள் படிப்பதை நூலகம் பார்ப்பதில்லை. மேஜைமேல் கிடப்பதைத்தான் பார்க்கிறது.

நந்தினி சமர்ப்பித்த டிஸர்டேஷனின் பிரதி எங்கள் நூலகத்துக்கும் வந்தது. அதில் நான்காம் அத்தியாயம் மூன்றாவதாகியிருந்தது. வாசிப்பவருக்கு எதுவும் விட்டுப்போனதாகத் தெரியாது.