லட்சுமி வந்த வயல்

"டேய் தம்பி, நம்ம வயல்ல லட்சுமி வந்துருக்காடா!"

அக்கா போனில் இப்படிச் சொன்னபோது நான் குத்தாலத்தில் என் உரக்கடையில் யூரியா மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் குரலில் சிரிப்பைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. நானோ தூக்கிய மூட்டையை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் நெல் பால் பிடிக்கும் சமயத்தில் சில கதிர்களில் மணி இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் உருண்டைகள் முளைக்கும். தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். செழித்த வயலில்தான் வரும் என்பதால் அதற்கு லட்சுமி என்று பேர் வைத்துவிட்டார்கள். செழித்த வயலில் வருவது உண்மைதான். ஆனால் அது பூஞ்சாண நோய். யூரியாவை அளவுக்கு மேல் தின்ற பயிராகப் பார்த்து, பூக்கும் நேரத்து மழையோடு வந்து சேரும். வருகிறவளுக்கு ஆரத்தி எடுக்கிற ஊர் எங்கள் ஊர்.

அத்தான் அந்த வருஷம் சித்திரையில் மாரடைப்பில் போய்விட்டார். நிலம் அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்காதது. காரியம் முடிந்ததும் அத்தானின் அண்ணன், "பொம்பள தனியா என்னம்மா பண்ணுவே? குத்தகைக்கு விட்ருவோம்" என்றார். ஒரு சம்பா போகம் மட்டும் நான் செய்கிறேன் என்று அக்கா கேட்டுக்கொண்டாள். "சரி. வெளையலன்னா நான் பாத்துக்குறேன்" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றால் எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

நடவன்று முதல் நாற்று முடிச்சை நடுவதற்கு அவளுடைய ஓரகத்தியைக் கூப்பிட்டார்கள். சுமங்கலி கைதான் படவேண்டுமாம். விதை தெளித்து, தண்ணீர் கட்டி, நாற்றைக் கண்ணாய்ப் பார்த்துக்கொண்ட அக்கா தள்ளிப்போய் வரப்பில் நின்றாள். நான் வாயைத் திறக்கப் போனேன். கண்ணாலேயே என்னை அடக்கினாள்.

ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் தேங்கிப் பயிர் வெளுத்தது. "ஆம்பள இல்லாத வயலு, எப்படி வெளுத்துக் கெடக்கு பாரு" என்று போகிற வருகிறவர்கள் சொன்னார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? தண்ணீரை வடித்தால் பச்சை தானாகத் திரும்பும், யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போடு, பொட்டாஷையும் சேர்த்துக்கொள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவளுக்கு ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற பச்சை வேண்டியிருந்தது. நான் தரமாட்டேன் என்றதும் வேறு கடையில் வாங்கி வந்து கொட்டினாள்.

பயிர் கருகருவென்று எழுந்தது. அத்தானின் அண்ணன் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார் என்று போன் செய்து பெருமையாகச் சொன்னாள். ஆனால் அப்படி வளர்ந்த பயிரின் இலைகள் ஒன்றோடொன்று மூடிக்கொள்ளும். உள்ளே காற்று நுழையாது, உச்சிவேளை வரைக்கும் பனி காயாது. கார்த்திகையில் கதிர் வெளியே வராமல் பொதிக்குள் இருந்தபோதே மருந்து அடித்திருக்கவேண்டும். அப்போது பார்த்து வானம் மூடிக்கொண்டு தூறிக்கொண்டே இருந்தது. அடித்த மருந்து இலையில் நிற்காது. கதிர் வெளியே வந்து பூத்ததும் அதே தூறலில்தான்.

போன் வந்த அன்று சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வயலுக்குப் போனேன். வேறு வயலில் வேலை முடித்து வந்த பெண்கள் வரப்பில் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி, "லட்சுமி ஒங்களத் தேடியில்ல வந்துருக்கா! இனிமே ஒங்களுக்கு நல்ல காலந்தாங்க்கா" என்றாள். நல்ல காரியத்துக்குப் போகும்போது அக்கா எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொண்டு போனவள்தான் அவள். அக்கா விரலில் ஒட்டிய மஞ்சளைத் துடைக்காமல் கையை விரித்தபடியே வைத்திருந்தாள்.

நான் அவளைத் தனியாக இழுத்து, "அக்கா, இது நோய்க்கா. இனிமே மருந்து அடிச்சும் பிரயோஜனமில்ல" என்றேன்.

அவள் அந்தப் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும்டா. ஒங்க அத்தான் இருக்கறப்பவே ஒரு தடவ வந்துச்சு. மெதுவா பேசு, அவங்க காதுல விழுந்துடப்போவுது."

எனக்கு அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அவள் உருண்டை பிடித்த கதிர் ஒன்றை ஒடித்துக்கொண்டுபோய் வீட்டில் அத்தான் படத்துக்குக் கீழே பலகையில் வைத்தாள்.

தை அறுப்புக்குள் மஞ்சள் உருண்டையெல்லாம் கறுத்துவிட்டது. அறுவடை மிஷின் இறங்கியதும் கரும்புழுதி கிளம்பியது. பாதிக்கு மேல் பதர். வியாபாரி குவியலில் கையை விட்டு எடுத்து, உள்ளங்கையைப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார். "கறுப்பு விழுந்த நெல்லுங்க. வேற எடம் பாருங்க" என்றார். கடைசியில் மாட்டுத் தீவனத்துக்கென்று போனது.

மாசியில் அத்தானின் அண்ணன் வந்தார். சத்தம் போடவில்லை. "நான் அப்பவே சொன்னேனேம்மா" என்று மட்டும் சொன்னார். அக்கா வயல் மோட்டார் கொட்டகைச் சாவியை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தாள்.

அவர் போன பிறகு அத்தான் படத்தைப் பார்த்தேன். கீழே இருந்த கதிர் உதிர்ந்து, பலகையெல்லாம் கரும்பொடி. சட்டத்தின் ஓரத்திலும் படிந்திருந்தது. துணியை எடுத்துத் துடைக்கப் போனேன்.

"தொடைக்காதடா" என்றாள். "நம்ம வீட்டுக்கு லட்சுமி வந்துருக்கான்னு நாலு பேரு சொன்னாங்கல்ல? இருந்துட்டுப் போவட்டும்."