மைனஸ் பதினெட்டு வரும்வரை

இதில் ஒரு சொல்லும் நான் கூட்டிச் சொல்லவில்லை. சாய்ந்தமருதில் மசூர் ஹாஜியாரின் மீன் குளிர் அறையில் ஏழு வருடம் பெட்டி தூக்கியவன் நான். அங்கேதான், பட்டப்பகலில், இது எனக்கு நடந்தது.

போன வருடம் அந்த அறையை ஒரு கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார்கள். அதைச் செய்து பூட்டியவர் முபீன் தம்பி. உள்ளே எவ்வளவு குளிர் என்று அது விடாமல் அளக்கும். மைனஸ் பதினெட்டை விட்டுச் சூடு ஏறினால் காற்றாடியை வேகமாக்கும். எந்த நாள் எந்த நேரம் சூடு ஏறுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும். சரியான குளிர் வரும்வரை கதவைப் பூட்டி வைக்கவும் அதனால் முடியும்.

"உங்களவிடக் கெதியாப் படிக்கும், செபரட்ணம் அண்ணன்" என்று முபீன் பகிடி பண்ணுவார். நான் எழுத்துப் படித்தது நாற்பத்தெட்டு வயதில்.

அன்று வெள்ளிக்கிழமை. எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். நான் வேதக்காரன், ஞாயிறு கோயிலுக்குப் போகிறவன்; அந்த நேரக் காவல் எப்போதும் எனக்கு. போனை மேசையில் வைத்துவிட்டு, சூரை மீன் பெட்டி ஒன்று எடுக்க உள்ளே போனேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

டக்.

உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஒரு மாதம். சுவரில் சிவப்பு எண்கள். நேரம் 12.14. குளிர் மைனஸ் 16.

கதவில் அடித்தேன். அடிக்க அடிக்க உடம்பு சூடானது. எண் ஏறியது. காற்றாடி இன்னும் இரைந்தது. அப்போதுதான் விளங்கியது... குளிர் சரியாகாமல் கதவு திறக்காது. நான் சூடாக இருக்கும்வரை குளிர் சரியாகாது.

மூலையில் குந்தினேன். மூச்சை அடக்கினேன். 12.31. மைனஸ் 17...

பிறகு ஏறியது. மைனஸ் 16. மைனஸ் 15.

நான் அசையவே இல்லை.

பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மூச்சு. என்னைப் போலவே... அடக்கி அடக்கி.

"யாரு?"

மூச்சு நின்றது.

மைனஸ் 17... மைனஸ் 18.

டக்.

12.52க்கு வெளியே வந்து விழுந்தேன். பள்ளிவாசலால் வந்தவர்கள் உள்ளே தேடினார்கள். மீன் மட்டும்தான்.

மூன்றாம் நாள் முபீன் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் பதிந்து வைத்த சூட்டுக் கணக்கைக் காட்டினார். அதற்கு முந்தின பதினோரு வெள்ளியாக, சரியாக 12.14க்கு, கதவு திறபடாமலே ஓர் ஆளின் உடம்பளவு சூடு உள்ளே ஏறியிருக்கிறது. வெள்ளி மத்தியானம் கதவைப் பூட்ட அது பழகியது அதனால்தான்.

"அண்டைக்கு ரெண்டு பேர்ட சூடு, அண்ணன்."

அடுத்த வெள்ளி நான் வேலைக்குப் போகவில்லை. அறைக்கு ஹாஜியார் வெளியால் சங்கிலி போட்டிருந்தார். பின்னேரம் முபீன் எனக்குப் போன் எடுத்தார். இன்றும் 12.14க்குச் சூடு ஏறியதாம்.

"எத்தின பேர்?"



"ரெண்டு."